வென்று வந்தவர்களுக்கு மரண தண்டனை: ஆர்கினூசே வழக்கு, கி.மு. 406

பண்டைய கிரேக்கப் போர்க்கப்பல் இடிபட்டவுடனே அடியில் போய்விடாது. மூன்று அடுக்குத் துடுப்புகளோடு ஏறக்குறைய 200 பேரை ஏற்றிச் செல்லும் ‘டிரைரீம்’ அது. உடம்பு முழுக்க மரம், வயிற்றில் பெரிய பாரம் எதுவும் கிடையாது. எதிரிக் கப்பலின் வெண்கல மூக்கு விலாவில் குத்தினால் ஓட்டை வழியே தண்ணீர் ஏறும், கப்பல் கனத்துச் சாயும், பிறகு நீர்மட்டத்தோடு மட்டமாக மிதந்துகொண்டு கிடக்கும். உள்ளே இருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு காத்திருக்கலாம். கடல் சும்மா இருந்தால், யாராவது வந்தால், பிழைக்கலாம்.

கி.மு. 406-இல் ஆர்கினூசே தீவுகளுக்குப் பக்கத்தில் அப்படிக் காத்திருந்தவர்களுக்காக யாரும் வரவில்லை. அன்று ஏதென்ஸ் வென்றிருந்தது, அதுவும் ஸ்பார்ட்டாவோடு நடந்த அந்த நீண்ட போரின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அதே ஆண்டில், வெற்றியைக் கொண்டுவந்த எட்டுத் தளபதிகளுக்கும் அதே ஏதென்ஸ் மரண தண்டனை விதித்தது. ஊர் திரும்பியிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள்.

“கும்பலுக்கு வெறி பிடித்தது, ஜனநாயகம் சீரழிந்தது” என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், மக்கள் சபையில் நடந்த கோளாறு அதற்கு முன்பே கடலில் ஒருமுறை நடந்திருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து முடிவெடுத்தார்கள், அந்த முடிவுக்குப் பொறுப்பாளி என்று தனி ஆள் யாருமில்லை. ஊரிலும் எட்டுப் பேரைச் சேர்த்தே தண்டித்தார்கள், தனித்தனியாக யார் என்ன செய்தார் என்று கேட்கவே இல்லை.

பணம், தங்கம், அடிமைகள்

ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் தொடங்கி (கி.மு. 431) 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. 413-இல் சிசிலியில் ஏதென்சின் பெரும்படை அழிந்தது. 411-இல் உள்ளூரிலேயே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து, மக்களாட்சி போய்த் திரும்பி வந்தது. பாரசீக இளவரசன் சைரஸின் பணம் ஸ்பார்ட்டாவின் கடற்படைக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. 406-இன் தொடக்கத்தில் நோட்டியத்தில் ஏதென்ஸ் கப்பல்கள் தோற்றன. அந்தப் பழி ஏதென்ஸ் தளபதி அல்கிபியாடீஸ் தலையில் விழுந்தது. அவர் ஊர் திரும்பாமல் ஒதுங்கிக்கொள்ள, புதிய தளபதிகள் தேர்வானார்கள்.

ஏதென்சில் பெரும்பாலான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பார்கள். தளபதிப் பதவிக்கு அது கிடையாது. ஆண்டுக்குப் பத்துப் பேரைக் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள், திரும்பத் திரும்ப நிற்கவும் தடையில்லை. பத்துப் பேரும் சமம், தலைமைத் தளபதி என்று ஒருவர் இல்லை. ஒரு தனிமனிதன் கையில் படை முழுவதும் போய்விடக் கூடாது என்ற பயத்தில் செய்த ஏற்பாடு, கொடுங்கோலர்களைப் பார்த்த ஊருக்கு நியாயமான பயம்தான். ஆனால் நடுக்கடலில், அரை மணி நேரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டிய கட்டத்தில், இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஆர்கினூசேயை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

தளபதிகளில் ஒருவரான கோனோன் 70 கப்பல்களோடு லெஸ்போஸ் தீவுப் பக்கம் இருந்தார். ஸ்பார்ட்டாவின் புதிய கடற்படைத் தலைவன் காலிகிராட்டிடாஸ் 170 கப்பல்களோடு அவரைத் துரத்தி, 30 கப்பல்களைப் பறித்து, மீதி 40-ஐ அந்தத் தீவின் மிதிலீனித் துறைமுகத்துக்குள் அடைத்துவிட்டான். முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேற கோனோன் இரண்டு கப்பல்களை அனுப்பினார். ஒன்று பிடிபட்டது. மற்றது தப்பி ஏதென்சுக்குச் செய்தி கொண்டுபோனது.

செய்தி கேட்ட ஊர் 30 நாளில் 110 கப்பல்களை இறக்கியது. எப்படி என்று பார்த்தால்தான் ஊரின் நிலைமை புரியும். ஊரின் கோயில் குன்றான அக்ரோபோலிஸில் இருந்த தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கி நாணயம் அடித்தார்கள். துடுப்புப் போட ஆள் போதாமல் அடிமைகளையும் ஏற்றினார்கள், பிழைத்தால் விடுதலை என்று. குதிரையிலேயே போருக்குப் போய்ப் பழகிய பணக்கார வீட்டுப் பிள்ளைகளில் பலரும் கப்பல் ஏறினார்கள். கூட்டாளி ஊர்களின் கப்பல்களும் சேர 150-ஐத் தாண்டியது. ஆக, அந்தக் கப்பல்களில் இருந்தது கூலிப்படை அல்ல, ஊரின் கடைசிக் கையிருப்பு. பின்னால் நடந்த வழக்கில் ஏன் அவ்வளவு கொதிப்பு என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடலில் போனவன் யாரோ அல்ல, அடுத்த வீட்டுக்காரன்.

போர்

காலிகிராட்டிடாஸ் முற்றுகைக்கு 50 கப்பல்களை விட்டுவிட்டு 120-ஐ எடுத்துக்கொண்டு வந்தான். இரவில் எதிரே ஆர்கினூசே தீவுகளில் ஏதென்ஸ் படையின் சோற்றுத் தீ தெரிந்தது. நள்ளிரவிலேயே போய் விழ நினைத்தான், இடியும் மழையும் விடவில்லை. விடிந்ததும் கிளம்பினான்.

ஏதென்ஸ்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவசரத்தில் ஆள் சேர்த்த கப்பல்கள், ஓட்டம் மந்தம். வரிசையின் இடைவெளியில் எதிரி புகுந்து திரும்பிப் பின்பக்கம் இடித்தால் தாங்காது. அதனால் இரண்டு பக்கத்திலும் கப்பல்களை இரட்டை வரிசையாக நிறுத்தினார்கள். முன்வரிசையைத் துளைத்து வருபவனைப் பின்வரிசை பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு நான்கு தளபதிகள், ஆளுக்கு 15 கப்பல். பல காலம் ஏதென்ஸ்தான் துளைத்துப் போகிற பக்கம். இப்போது தன் பழைய வித்தையைத் தானே தடுக்க வேண்டிய நிலை. தடுத்தார்கள், நன்றாகவே தடுத்தார்கள்.

“கப்பல்கள் அதிகம், பின்வாங்குவது நல்லது” என்று காலிகிராட்டிடாஸின் சுக்கான்காரர், மெகாராவைச் சேர்ந்த ஹெர்மோன், சொல்லிப் பார்த்தார். தான் செத்தால் ஸ்பார்ட்டாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, ஓடுவதுதான் அவமானம் என்று பதில் வந்தது. எதிரிக் கப்பலை இடித்த வேகத்தில் அவன் கடலில் விழுந்தான், பிறகு காணவில்லை. ஸ்பார்ட்டா தரப்பில் ஏறக்குறைய 70 கப்பல்கள் போயின. ஏதென்ஸ் தரப்பில் 25.

அந்த அரை மணி நேரம்

25 கப்பலில் 12 இன்னும் உடைந்து மிதந்துகொண்டிருந்தன, ஆட்கள் அவற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மறுபுறம் மிதிலீனியில் கோனோனை அடைத்து வைத்த 50 எதிரிக் கப்பல்கள் அப்படியே நின்றன. இப்போது போனால் அவற்றையும் பிடிக்கலாம்.

தளபதிகள் கூடிப் பேசினார்கள். டயோமிடோன், எல்லாக் கப்பல்களும் சேர்ந்து ஆட்களைத் தூக்கலாம் என்றார். எராசினிடீஸ், எல்லாரும் மிதிலீனிக்குப் போவோம் என்றார். திராசில்லோஸ் இரண்டையும் செய்வோம் என்றார்: கொஞ்சக் கப்பல்கள் இங்கே, மீதி அங்கே. திராசில்லோஸ் சொன்னது நின்றது. ஆளைத் தூக்க 47 கப்பல்கள் என்று கணக்குப் போட்டார்கள். மிதக்கும் 12 கப்பலுக்கும் நாலு நாலாக, ஏறத்தாழ.

கணக்கு சரிதான். பொறுப்பு எங்கே என்று பாருங்கள். எட்டுத் தளபதிகளும் மிதிலீனிக்கு. மீட்பு வேலை கப்பல் தலைவர்கள் கையில். அவர்களில் இருவர் பெயர் பெற்றவர்கள், முன்பு தளபதிகளாகவே இருந்தவர்கள்: தெரமெனிஸ், திராசிபூலோஸ். எட்டுப் பேரில் ஒருவர், ஒரே ஒருவர், “நான் இங்கே நிற்கிறேன்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மீட்பு நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காற்றும் அலையும் வந்து இரண்டு வேலையையுமே கெடுத்துவிட்டன. யாரும் எங்கும் போகவில்லை, கரையில் வெற்றிச் சின்னம் நட்டுவிட்டுத் தங்கினார்கள். ஆனால் அந்த ஒருவர் நின்றிருந்தால், பிறகு ஊரில் “யார் பொறுப்பு?” என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

மிதிலீனியில் நடந்தது தனிக் கூத்து. தோல்விச் செய்தியோடு வந்த சிறு படகை ஸ்பார்ட்டாவின் எத்தியோனிக்கோஸ் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பி, மாலை போட்டுக்கொண்டு “வெற்றி!” என்று கத்தியபடி மறுபடி வரச் சொன்னான். அவர்கள் கரை நெருங்கும்போது நன்றிப் பலி கொடுத்துக்கொண்டே, கப்பல்களை ஓசைப்படாமல் கிளப்பிவிட்டான். ஏதென்ஸ்காரர்கள் வந்து சேர்ந்தபோது பிடிக்க ஒன்றுமில்லை.

ஒரு கடிதமும் ஒரு பொறியும்

தளபதிகள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். இங்கேதான் நமக்குக் கிடைக்கும் இரண்டு சாட்சியங்களும் முட்டிக்கொள்கின்றன. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் செனோபோன், கடிதத்தில் புயலை மட்டுமே குறை சொன்னார்கள் என்கிறார். பல நூற்றாண்டுகள் பின்னால் எழுதிய டயோடோரஸ், தெரமெனிஸும் திராசிபூலோஸும் முன்னதாக ஊர் போய்த் தங்களைக் குறை சொல்லிவிட்டதாகத் தளபதிகள் சந்தேகப்பட்டு, மீட்பு வேலை அந்த இருவரிடம்தான் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிவிட்டார்கள், பகை அதில்தான் மூண்டது என்கிறார். செனோபோனுக்குச் சாக்ரடீஸ் பற்று உண்டு, மக்களாட்சி மேல் பெரிய அன்பு கிடையாது. ஆனாலும் சபையில் நடந்ததைப் படிப்படியாகச் சொல்பவர் அவர்தான். நான் பெரும்பாலும் அவர் பின்னால் போகிறேன்.

எப்படி இருந்தாலும் தளபதிகள் ஒரு பொறியில் நின்றார்கள். புயல்தான் காரணம் என்றால் யாரும் குற்றவாளி இல்லை. மீட்க ஆணையிட்டோம் என்றால், மீட்க முடியும் என்று நினைத்தீர்கள் அல்லவா, பின் ஏன் விட்டு நகர்ந்தீர்கள் என்ற கேள்வி வரும். இரண்டாண்டு கழித்துத் தன்னுடைய உயிருக்காக வாதாடும்போது தெரமெனிஸ் இந்த முடிச்சைத்தான் போட்டார்: நான் தொடங்கவில்லை, அவர்கள் என்னைச் சொன்னார்கள், புயலில் கப்பலே விட முடியவில்லை என்றேன், ஊர் அதை ஏற்றது, முடியும் என்று சொன்னவர்கள் தங்களைத் தாங்களே மாட்டிவிட்டுக்கொண்டார்கள் என்று. ஒரே புயல் அவருக்குக் குடையாகவும் மற்றவர்களுக்கு இடியாகவும் ஆனது. ஏதென்ஸ்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர், எந்தக் காலுக்கும் பொருந்தும் செருப்பு. நம்மூரில் கழுவுற மீனில் நழுவுற மீன் என்போம்.

எட்டுப் பேரில் இருவர், புரோட்டோமாக்கோஸும் அரிஸ்டோஜெனிஸும், ஊர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. மீதி ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெரிக்ளீஸ், ஒருகாலத்தில் ஏதென்சை வழிநடத்திய அந்தப் பெரிய பெரிக்ளீஸுக்கும் அவர் துணைவி அஸ்பாசியாவுக்கும் பிறந்த மகன்.

முதல் சபைக் கூட்டம் தளபதிகளுக்குச் சாதகமாகத்தான் போனது. சட்டப்படி உரிய நேரம் கொடுக்காவிட்டாலும் ஒவ்வொருவரும் சுருக்கமாகப் பேசினார்கள். தெரமெனிஸைக் கைகாட்டி விடுவது எளிது, ஆனால் புயலின் குற்றத்தை அவர் தலையில் வைக்க மாட்டோம் என்றார்கள். சுக்கான்காரர்களையும் கூட இருந்தவர்களையும் சாட்சிக்கு நிறுத்தினார்கள். கூட்டம் இளகியது. பிணை கொடுக்கிறோம் என்று பலர் எழுந்தார்கள். ஆனால் இருட்டிவிட்டது. தூக்கிய கைகளை எண்ண முடியாது என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். விசாரணையை எப்படி நடத்துவது என்று சபைக்கு வரும் விஷயங்களை முன்கூட்டியே தயார் செய்யும் ஐந்நூற்றுவர் மன்றம் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும் என்று முடிவானது. இன்னும் ஒரு மணி வெளிச்சம் இருந்திருந்தால் ஆறு பேரும் வீடு போயிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடையில் அபட்டூரியா திருவிழா வந்தது. சொந்தபந்தம் எல்லாம் கூடி, பிள்ளைகளைக் குலத்தில் பதிவு செய்யும் விழா. அந்த ஆண்டு எத்தனை வீட்டில் இடம் காலியாக இருந்திருக்கும்! கருப்பு உடுத்தி, தலை மழித்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள். தெரமெனிஸ் தரப்பு ஆள் பிடித்து அனுப்பியது என்று செனோபோன் எழுதுகிறார். இந்த இடத்தில் அவரை நம்ப எனக்கு மனமில்லை. 25 கப்பல் ஆட்களை இழந்த ஊரில் துக்கத்துக்கு ஆள் பிடிக்க வேண்டுமா? மேலும், பிணத்தை எடுத்து அடக்கம் செய்யாமல் விடுவது கிரேக்கர்களுக்குப் பெரும் பாவம். டயோடோரஸ் சொல்லும் கதையில் ஊரின் கோபமே உயிரோடு தவித்தவர்களைப் பற்றியதல்ல, எடுக்காமல் விட்ட பிணங்களைப் பற்றியது.

இருபது ஜாடிகள்

மன்றத்தில் காலிக்செனோஸ் என்பவர் கொண்டுவந்த தீர்மானம் இப்படிப் போனது. குற்றச்சாட்டையும் பதிலையும் போன கூட்டத்தில் கேட்டாயிற்று, இனி நேராக வாக்கெடுப்பு. ஏதென்ஸின் பத்துக் குலப்பிரிவுக்கும் இரண்டிரண்டு ஜாடிகள். குற்றவாளி என்பவர் முதல் ஜாடியில் போடட்டும், இல்லை என்பவர் இரண்டாவதில். குற்றம் என்று முடிவானால் மரணம், சொத்துப் பறிமுதல், அதில் பத்தில் ஒரு பங்கு ஊர்த் தேவி அதீனாவுக்கு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. அதோடு, யார் எந்த ஜாடிப் பக்கம் போகிறார் என்பது அக்கம்பக்கத்தாருக்கு நன்றாகவே தெரியும்.

அப்போது ஒருவன் முன்னால் வந்தான். மாவுத் தொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தேன் என்றான். மூழ்கிக்கொண்டிருந்தவர்கள், “நீ தப்பினால் ஊரில் போய்ச் சொல், நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களைத் தளபதிகள் தூக்கவில்லை என்று” எனச் சொல்லி அனுப்பினார்களாம். அந்த வாக்குமூலத்துக்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

ஆனால் சட்டம் இருந்தது. சட்டத்துக்கு முரணான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மேல் யாரும் வழக்குப் போடலாம், போட்டால் தீர்மானம் நிற்க வேண்டும். யூரிப்டோலமோஸ் என்பவர் இன்னும் சிலரோடு அதைத்தான் செய்தார். உடனே கூட்டம், மக்கள் நினைத்ததை மக்கள் செய்யக் கூடாது என்றால் அது அக்கிரமம் என்று கத்தியது. வழக்கைத் திரும்பப் பெறாவிட்டால் அவர்களையும் அதே ஜாடிகளில் தீர்த்துவிடுவோம் என்று லிசிஸ்கோஸ் என்பவர் எழுந்தார். திரும்பப் பெற்றார்கள்.

சபையை நடத்தும் குழு, மன்றத்தின் பத்தில் ஒரு பங்கான 50 பேர், முறைவைத்து மாறும். அதிலும் சிலர் இந்தத் தீர்மானத்தை வாக்குக்கு விட முடியாது என்றார்கள். மிரட்டியதும் அடங்கினார்கள், ஒருவரைத் தவிர. சோப்ரோனிஸ்கோஸ் மகன் சாக்ரடீஸ், சட்டப்படி அல்லாத எதையும் செய்ய மாட்டேன் என்றார். வாழ்நாளில் அவர் ஏற்ற அரசுப் பணி இந்த மன்ற உறுப்பினர் பதவி ஒன்றுதான். ஏழாண்டு கழித்துத் தன் வழக்கிலும் இதை நினைவூட்டினார்.

யூரிப்டோலமோஸ் மறுபடி எழுந்தார். பெரிக்ளீஸ் என் உறவு, டயோமிடோன் என் நண்பன், ஆனாலும் குற்றம் செய்திருந்தால் தண்டியுங்கள் என்று தொடங்கினார். கேட்டது ஒன்றே ஒன்று: தனித்தனியாக விசாரியுங்கள். கன்னோனோஸ் தீர்மானம் என்ற கடுமையான பழைய சட்டம் இருக்கிறது, அதன்படியே செய்யுங்கள், ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நாளை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கில் குற்றச்சாட்டு, ஒரு பங்கில் பதில், ஒரு பங்கில் தீர்ப்பு. நம்பவே கடினமாக இருக்கும், கை எண்ணியபோது அவர் தீர்மானம் வென்றது. மெனிக்ளீஸ் என்பவர் சத்தியம் செய்து ஆட்சேபித்தார். மறுபடி எண்ணினார்கள். இந்த முறை மன்றத்தின் தீர்மானம் வென்றது.

ஆக, அன்று பினிக்ஸ் குன்றில் கூடியவர்கள் ஒரே மனதாக வெறி கொண்டு நிற்கவில்லை. பாதிக்குப் பாதியாக ஊசலாடிக்கொண்டிருந்தார்கள். குறை, சட்டம் இல்லாததில் இல்லை. சட்டத்தை நிறுத்திப் பிடிக்க வேண்டிய ஒவ்வொரு ஆளும் அதே கூட்டத்தின் நடுவில், அதே கூட்டத்தின் தயவில் நின்றார்கள் என்பதில் இருந்தது.

தண்டனைக்குக் கொண்டுபோகும்போது டயோமிடோன் பேச அனுமதி கேட்டார். கடலில் எல்லாரையும் தூக்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். எட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரித்திருந்தால் அது வெளிவந்து, நிச்சயம் பிழைத்திருக்கக் கூடியவர். டயோடோரஸ் சொல்வது இது: இந்தத் தீர்ப்பு ஊருக்கு நல்லதாக முடியட்டும், வெற்றிக்காக நாங்கள் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனைச் செலுத்த எங்களுக்கு வாய்ப்பில்லை, நீங்கள் மறக்காமல் செலுத்திவிடுங்கள், காக்கும் ஸீயுஸுக்கும் அப்போலோவுக்கும் புனித தேவியருக்கும் என்றார்.

பிறகு

ஏதென்ஸ் சீக்கிரமே வருந்தியது. மக்களை ஏமாற்றினார்கள் என்று காலிக்செனோஸ் மேலும் இன்னும் நால்வர் மேலும் வழக்கு வந்தது. விசாரணைக்கு முன்பே ஒரு கலவரத்தில் தப்பிவிட்டார்கள். 403-இல் காலிக்செனோஸ் ஊர் திரும்பினார். எல்லாரும் வெறுத்து ஒதுக்க, பட்டினியில் செத்தார். தெரமெனிஸ் அதற்கு முந்தைய ஆண்டே, அப்போது ஆட்சியில் இருந்த தன் கூட்டாளி கிரிட்டியாஸின் ஆணைப்படி நஞ்சு குடித்திருந்தார்.

தளபதிகளில் ஆர்கினூசே வழக்கு தொடாத ஆள் கோனோன். முற்றுகையில் அடைபட்டுக் கிடந்ததே அவரைக் காப்பாற்றியது. 405-இல் அவர் மற்றத் தளபதிகளோடு ஈகோஸ்போட்டமியில் ஏறத்தாழ 180 கப்பல்களோடு நின்றார். தலைமைத் தளபதி என்று அங்கேயும் ஒருவர் இல்லை. கரையில் ஒதுங்கி வாழ்ந்த அல்கிபியாடீஸ் குதிரையில் வந்து, இந்த இடம் ஆகாது, துறைமுகம் உள்ள செஸ்டோஸுக்கு நகருங்கள் என்றார். இப்போது தளபதிகள் நாங்கள், நீ போகலாம் என்று அவரை விரட்டினார்கள். ஐந்தாம் நாள், ஆட்கள் சாமான் வாங்கக் கரையில் சிதறிக் கிடந்தபோது ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் வந்து கிட்டத்தட்ட எல்லாக் கப்பல்களையும் அள்ளிக்கொண்டான்.

கோனோன் ஒன்பது கப்பல்களோடு தப்பினார். அவற்றில் ‘பாரலோஸ்’ என்ற அரசுக் கப்பலைச் செய்தி சொல்ல ஏதென்சுக்கு அனுப்பினார். மீதி எட்டோடு அவர் ஊருக்குப் போகவில்லை. சைப்ரஸ் பக்கம் பாயைத் திருப்பினார்.